வயித்தெரிச்சல்னு 4 தடவை வந்த பையன்: நான் கேட்காமல் விட்ட கேள்வி

தக்கலைப்பக்க டாக்டர் | செவ்வாய் இரவு 9.40

தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். படிப்பு எம்பிபிஎஸ். மனநல மருத்துவன் இல்லை. ஒரு பையனுக்கு இருந்த மனச்சோர்வை (டிப்ரஷன்) கவனிக்காமல் விட்டேன். அந்தத் தவறைச் சொல்லிவிட்டு உங்களிடம் சில விஷயம் கேட்க வேண்டும். அந்தப் பையனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர், படிப்பு, குடும்ப விவரம் எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

வயது 22. 3 மாதத்தில் 4 தடவை வந்தான். முதல் தடவை வயித்தெரிச்சல், பான்டோபிரசோல் எழுதினேன். இரண்டாவது தலைவலி, கண் டெஸ்ட் பண்ணிக்கோ என்றேன். மூன்றாவது தடவை "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", அதற்கு சத்து மாத்திரை. நாலாவது மறுபடியும் வயிறு. ஒவ்வொரு தடவையும் பேசினது அம்மாதான். அவன் என் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் நேராக நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதை நான் நியாயமாகச் சொல்ல மாட்டேன்.

நாலாவது தடவை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். முதல் சீட்டில் 61 கிலோ, இப்போது 55. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை. கடையில் போட்டதில்லை, வீட்டில் ஆணி வைத்து அடித்தது, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன்.

இரண்டு கேள்வி கேட்டேன். "கடந்த 2 வாரமா மனசு ஒடிஞ்சு போன மாதிரி இருக்கா?" "முன்ன பிடிச்சிருந்த எதுலயாவது இப்ப விருப்பம் இருக்கா?" இரண்டாவதற்கு, "ஒண்ணுக்கும் தோணமாட்டுக்கு டாக்டர்" என்றான். அப்புறம் கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினான்.

தினமும் விடியக்காலம் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுமாம், அதற்கப்புறம் உறக்கம் கிடையாது. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அந்த நேரத்துக்கு எழும்புகிறவர். மகன் தனக்கு முன்பே எழும்பி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பையன் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். உறக்கம் பாதியில் அறுவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். அதை அந்த வீட்டில் நல்ல பழக்கமாக எண்ணியிருக்கிறார்கள்.

மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பிஎச்கியூ-9 என்ற 9 கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 27க்கு 17 வந்தது. 9ஆவது கேள்வி உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "சில நாள்" என்றான். சுற்றி வளைக்காமல் தொடர்ந்து கேட்டேன். எண்ணம் உண்டு, அதற்கான திட்டம் ஏதுமில்லை. இதை வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை என்றான். அவன் சம்மதத்தோடு அம்மாவை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மீந்த மாத்திரைகளையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கவும், ராத்திரி அவனைத் தனியே படுக்க விடாமல் இருக்கவும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன்.

என் சந்தேகங்கள் இரண்டு. உடம்பு நோவு என்று வரும் இந்த வயசுப் பிள்ளைகளிடம் வேறு எதை நான் கவனித்திருக்க வேண்டும்? அடுத்து, என்னைப் போன்ற ஒரு டாக்டர் மருந்தைத் தானே தொடங்கலாமா?

மேல்புறம் அக்கா | செவ்வாய் இரவு 11.15

டாக்டர், இத வாசிச்சதுல இருந்து கை ஓடல்ல. எனக்க தம்பிக்கு 23 வயசு. இன்ஜினியரிங் முடிச்சான், 5 அரியர் கிடக்கு. ராத்திரி 2 மணி வரை போன், பகல் 11 வரை உறக்கம். குளிக்கச் சொன்னா சண்டை. போன வாரம் சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சான். அப்பா சோம்பேறின்னு ஏசுவாரு. அம்மா, கெட்ட கூட்டு சேந்துட்டான்னு சொல்லுவா. ஆனா அவன் அழுது நான் பாத்ததே இல்ல. எப்பவும் கோவம்தான். இதுவும் அந்த நோயாக்குமா? உங்க பையன் உறங்கல்ல, இவன் உறங்கிக்கிட்டே கிடக்கான். ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்?

மனநலம் படிக்கிறேன் | புதன் காலை 6.50

நாகர்கோவில்தான் சொந்த ஊர். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன்.

அக்கா, உறக்கம் அறுந்துபோவதும் உண்டு, உறங்கிக்கொண்டே கிடப்பதும் உண்டு. சாப்பாடும் அப்படித்தான், சிலருக்கு எடை குறையும், சிலருக்குக் கூடும். நாங்கள் பார்ப்பது 9 அடையாளம். மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் விருப்பம் அற்றுப்போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு உறக்கம், பசி, உடல் சோர்வு, கவனம் நிற்காமை, அசைவே மந்தமாவது அல்லது இருப்புக் கொள்ளாமல் தவிப்பது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் மொத்தம் 5, ஏறக்குறைய தினமும், குறைந்தது 2 வாரம் இருந்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால் அதை மனச்சோர்வு நோய் என்போம்.

கோபம் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் இளம் ஆண்களிடம் நாங்கள் அடிக்கடி முதலில் பார்ப்பது அதைத்தான். அழுகை வராத இடத்தில் எரிச்சல் வருகிறது. தட்டை எறிந்த பிறகு அவன் என்ன செய்தான் என்று யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே ஏசியிருக்கலாம். உங்கள் தம்பிக்கு இதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நேரில் பார்க்க வேண்டிய பிள்ளை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு சின்ன ஆதங்கம். தமிழில் ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்கிறோம், டிப்ரஷனையும் மன அழுத்தம் என்கிறோம். அதனால்தான் "யாருக்குத்தான் மன அழுத்தம் இல்ல, ரெண்டு நாள் டூர் போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். மனச்சோர்வு என்ற சொல்லையே இந்த நோய்க்கு வைத்துக்கொள்வோம்.

டாக்டர், நீங்கள் தொடங்கலாம். மிதமான மனச்சோர்வைப் பொது மருத்துவர்களே பார்க்க வேண்டும், மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் சீட்டு எழுதும் முன் சில விஷயம் தெரிந்தாக வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், முடிந்தால் பி12 ரத்தப் பரிசோதனைகள். தைராய்டு குறைந்தாலே பாதி அடையாளம் இதேபோல் வரும். குடி, கஞ்சா உண்டா என்று தனியாக வைத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், முன்பு எப்போதாவது இதற்கு நேர் எதிராக இருந்தானா என்பது. நாலைந்து நாள் உறக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், படபடவென்று பேசி, கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்து, தன்னால் எதுவும் முடியும் என்று திரிந்த காலம் இருந்ததா? வீட்டில் வேறு யாருக்காவது அப்படி உண்டா? ஆம் என்றால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மனம் அந்தப் பக்கம் பாய்ந்துவிடலாம். அப்படிப்பட்டவர்களையும், உயிர் பற்றிய எண்ணம் பலமாக இருப்பவர்களையும், காதில் குரல் கேட்கிறது என்பவர்களையும், சாப்பாடு தண்ணீரை விட்டுவிட்டவர்களையும் உடனே எங்களிடம் அனுப்புங்கள்.

மருந்து என்றால் ஃப்ளூவாக்செடின், செர்ட்ரலின், எஸிடலோபிராம் வகை. குறைந்த அளவில் தொடங்குங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள். இந்த வயதில் தொடக்க நாள்களில் பதற்றமும் உயிரை விடும் எண்ணமும் சிலருக்குக் கூடலாம் என்று 2007லிருந்தே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 24 வயது வரைக்கும் எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது. அதற்காக மருந்தே வேண்டாம் என்றில்லை. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்துக்கடை, மார்த்தாண்டம் பக்கம் | புதன் மதியம் 2.05

19 வருஷமா மருந்துக்கடை வச்சிருக்கேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்ததச் சொல்லுதேன்.

டாக்டர் ரெண்டு மாத்திரை எழுதுவாரு. ஒண்ணு எஸிடலோபிராம், இன்னொண்ணு உறக்கத்துக்கு, 10 நாளோ 2 வாரமோ மட்டும். சாப்பிட்டதும் உறக்கம் வரவைக்கிற மாத்திரை "நல்லா கேக்குது"ன்னு வீட்டுக்காரங்க நினைக்காங்க. மத்தது 10 நாள் சாப்பிட்டும் ஒண்ணும் தெரியல்ல, குமட்டல்தான் வருதுன்னு அத விட்டுருவாங்க. 2 மாசம் கழிச்சு பழைய சீட்டக் கொண்டு வந்து, "அந்த சின்ன மாத்திரை மட்டும் போதும் அண்ணாச்சி"ன்னு கேப்பாங்க. நோயக் குணமாக்குறத விட்டுட்டு பழக்கமாகக்கூடியதப் பிடிச்சுக்கிடுதாங்க. அந்த உறக்க மாத்திரை அல்பிரசோலம். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத எச்1 பட்டியல்ல உள்ள மருந்து. யாருக்குக் கொடுத்தேன், யார் எழுதினாங்கன்னு பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வைக்கணும். நான் கொடுக்க மாட்டேன்னு சொன்னா கோவப்பட்டுட்டு அடுத்த கடைக்குப் போறாங்க.

டாக்டர்மார் எழுதும்போதே எது எவ்வளவு நாள்னு வாயால ஒரு தடவை சொல்லிக் கொடுத்தா பாதி பிரச்சனை தீரும். இன்னொண்ணு, இந்த மருந்து சாப்பிடும்போது மேல்வலிக்குன்னு சும்மா டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கி முழுங்காதீங்க. ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும். டிரமடால் இன்னும் ஆபத்து. கடையில என்ன மருந்து சாப்பிடுறேன்னு வெக்கப்படாம சொல்லுங்க. நாங்க ஊர்ல போய்ச் சொல்ல மாட்டோம்.

குளச்சல் பய | புதன் இரவு 8.30

எனக்கு 24. இதுல போய்ட்டு வந்தவன்.

வெளிநாட்டு வேலைக்கு விசா வரும்னு 14 மாசம் காத்திருந்தேன். ஏஜென்டுகிட்ட கொடுத்த காசு போச்சு. ஆனா அதனாலதான் வந்ததான்னு கேட்டா சொல்லத் தெரியாது. எனக்கு முன்னாடியே அதே மாதிரி காசு போன ரெண்டு கூட்டாளிங்க நல்லாத்தான் இருந்தானுவ. எனக்கு மட்டும் ஒரு நாள் காலையில பல்லு தேய்க்க பிரஷ்ஷ எடுக்கிறது ஒரு பெரிய வேலையா ஆச்சு. கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு பத்தடி. அந்தப் பத்தடிய நடக்க ஒரு மணி நேரம் யோசிப்பேன். இத யார்கிட்ட சொல்ல முடியும்? சொன்னா சிரிப்பானுவ.

மருந்து தொடங்கி முதல் 10 நாள் நரகம். குமட்டல், கை நடுக்கம், உறக்கத்துல கண்டமேனிக்கு கனவு. விட்டுரலாம்னு இருந்தேன். அம்மாதான் தெனமும் ராத்திரி மாத்திரைய உள்ளங்கையில வச்சு நின்னா. 4 வாரம் ஆகியும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல்ல. 5ஆவது வாரம் ஊர்ல பந்து விளையாட்டு நடந்துது. கூட்டிட்டுப் போனானுவ, சும்மா நின்னேன். நம்ம கோல்கீப்பர் ஒரு லேசான பந்த விட்டுட்டான். நான் என்னையறியாம கத்தி அவன ஏசினேன். பக்கத்துல நின்ன மச்சான் என்னத் திரும்பிப் பாத்தான். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, ஒரு கோல் போனதுக்குக் கோவப்படுற அளவுக்கு எனக்கு எதுவோ திரும்ப வந்திருக்குன்னு.

நல்லாயிட்டேன்னு 3ஆவது மாசம் நானே நிறுத்தினேன். 4 நாள்ல தலைக்குள்ள கரன்ட் அடிச்ச மாதிரி, தலைசுத்தல். ஒன்றரை மாசத்துல பழைய இருட்டு மறுபடி வந்துது. டாக்டர் ஏசல்ல. மறுபடி தொடங்கி, நல்லான பிறகும் 9 மாசம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுதான் விட்டாரு. யாரும் சொந்தமா நிறுத்தாதீங்க.

கடலோரக் காற்று | புதன் இரவு 10.10

எல்லாரும் மாத்திரை மாத்திரைங்கீங்க. எங்க அண்ணன் மகளுக்கு இதேதான். ஜெபக்கூடத்துல 21 நாள் உபவாச ஜெபம், பிள்ளை எழும்பி நடந்துது. மாத்திரை ஒருதரம் தொட்டா ஆயுசுக்கும் விடாது. ஊளம்பாறை கேசு, திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனவன்னு பேர் விழுந்தா பொம்பளப்பிள்ளைக்கு எவன் வருவான்? அதையும் யோசிங்க.

மனநலம் படிக்கிறேன் | வியாழன் காலை 7.20

அண்ணா, உங்கள் அண்ணன் மகள் நன்றாக இருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஜெபம் செய்கிற இடத்தில் நாலு பேர் கூடவே இருக்கிறார்கள், பிள்ளையைத் தனியே விடுவதில்லை, தினமும் ஒரு நேரத்துக்கு எழுப்புகிறார்கள். லேசான மனச்சோர்வுக்கு இவையெல்லாம் உதவும். மருந்து வேண்டாத பிள்ளைகளும் உண்டு. லேசானதற்குப் பேச்சு சிகிச்சையைத்தான் நாங்களும் முதலில் சொல்வோம். ஆனால் ஏற்கெனவே 6 கிலோ குறைந்த பையனைப் பட்டினி போட்டு உபவாசம் இருக்க வைப்பது ஆபத்து. ஜெபத்தையும் சிகிச்சையையும் சேர்த்தே நடத்தலாம். எத்தனையோ ஃபாதர்களும் போதகர்களும் தாங்களே நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஓபிக்கு வருகிறார்கள்.

மனச்சோர்வுக்கான இந்த மருந்துகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. நேரம் ஆக ஆக அளவு கூட்டிக் கேட்கும் ஏக்கம் இதில் வராது. திடீரென்று நிறுத்தினால் குளச்சல் தம்பி சொன்ன தொந்தரவுகள் வரும், அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம்.

ஊளம்பாறை என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பலியாகியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஆசாரிப்பள்ளத்தை விட்டுவிட்டு திருவனந்தபுரம் வரைக்கும் பஸ் ஏறிப் போய், தூரம் முடியாமல் பாதியில் சிகிச்சையை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை வெளியே சொல்லக்கூடாது. அதே சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

திருவட்டார் டீச்சர் | வியாழன் மாலை 5.30

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் கண்ணில் முதலில் படுவது கையெழுத்து. ஒழுங்காக எழுதிய பிள்ளையின் ரெக்கார்டு நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாக வரும். முதல் பீரியட் மட்டும் தொடர்ந்து ஆப்சென்ட். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு சத்தமில்லாமல் வெளியேறுவது. இதையெல்லாம் ஒழுக்கக் குறைவாக எழுதி, அப்பாவை அழைத்து வரச் சொல்லி நானே அனுப்பியிருக்கிறேன். அப்பா எல்லார் முன்னாலும் அடித்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தமிழக அரசு கல்லூரிகளில் மனம் என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றம் வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் இருக்கிறதா, யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

மேல்புறம் அக்கா | வியாழன் இரவு 10.45

எல்லாருக்கும் நன்றி. ஆனா அவங்கிட்ட எப்பிடி பேச்சைத் தொடங்க? "ஆஸ்பத்திரிக்கு வா"ன்னா "எனக்கென்ன பைத்தியமா"ன்னு கேப்பான். அப்பாவுக்குத் தெரிஞ்சா அதுவே பெரிய சண்டை.

தக்கலைப்பக்க டாக்டர் | வியாழன் இரவு 11.20

அக்கா, முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்காதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, துணி காயப்போடும்போதோ, கண்ணைக் கண் பார்க்காத ஒரு நேரத்தில் தொடங்குங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள். "மக்களே, நீ கொஞ்ச நாளா பந்து பாக்கப் போறதில்ல. சாப்பாடு பாதில வைக்கிற. எனக்கு உன்ன நினைச்சா பயமா இருக்கு." அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தில் அறிவுரை சொல்லிவிடாதீர்கள். "உனக்கென்ன குறை வச்சோம்" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். தனக்குக் குறை இல்லை என்பதுதான் ஏற்கெனவே அவனை அறுத்துக்கொண்டிருக்கும்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். ராத்திரி நேரமானால் 14416ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஏதாவது செய்துவிட்டான் என்றால் 108.

ஆஸ்பத்திரிக்கு உறக்கத்தைக் காரணம் சொல்லிக் கூப்பிடலாம், அது பொய் இல்லை. முதலில் டாக்டர் அவனிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். நான் முதல் 3 தடவை செய்யாதது அதுதான். ஆசாரிப்பள்ளம் தூரம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் வருவார் என்று அங்கேயே விசாரியுங்கள்.

மேல்புறம் அக்கா | 9 நாள் கழித்து

போய்ட்டு வந்தோம். நீங்க சொன்ன மாதிரியே துணி காயப்போடும்போது கேட்டேன். அவன் கிளிப்ப கையில வச்சு திறந்து மூடிக்கிட்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "நான் செத்தா நம்ம வீட்டுக்கு ஒரு செலவு குறையும்லா"ன்னான். எனக்கு உயிர் போய்ட்டு. கத்தல்ல, அழல்ல. "எப்ப இருந்து இப்பிடித் தோணுது"ன்னு மட்டும் கேட்டேன். 7 மாசமாம். ஒரே வீட்டுல இருந்தும் எனக்குத் தெரியல்ல.

அன்னைக்கே அத்தான் பைக்குல கூட்டிட்டுப் போனோம். லேடி டாக்டர் அவங்கிட்ட தனியா முக்கால் மணி நேரம் பேசினாங்க. அப்புறம் அப்பாவ போன்ல கூப்பிட்டு, "இது சோம்பல் இல்ல, நோய். ஏசினா கூடும்"னு சொன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசல்ல. ஆனா ராத்திரி மருந்தடிக்கிற பாட்டில் எல்லாத்தையும் எடுத்து சித்தப்பா வீட்டுல கொண்டு வச்சாரு. மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான் தந்தாங்க, நான்தான் வச்சிருக்கேன். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாச்சு. ஒரு தாள்ல தெனமும் செய்ய ரெண்டு வேலை எழுதிக் கொடுத்திருக்காங்க: காலையில 8 மணிக்கு முன்ன குளிக்கணும், சாயந்தரம் ஜங்ஷன் வரை நடக்கணும். விருப்பம் வந்த பிறகு செய்யலாம்னு காத்திருக்காத, செஞ்சாதான் விருப்பம் பின்னால வரும்னு சொன்னாங்களாம்.

தக்கலைப்பக்க டாக்டர் | 6 வாரம் கழித்து

என்னிடம் வந்த பையனுக்கு மருந்து தொடங்கி 6 வாரத்துக்கு மேல் ஆகிறது. நேற்று வந்தான். பிஎச்கியூ 17லிருந்து 8. எடை 57. விடியக்காலம் 5 வரை உறங்குகிறான். 9ஆவது கேள்விக்கு "இல்ல". வயித்தெரிச்சல் மாத்திரையை நிறுத்தி 3 வாரமாகிறது, எரிச்சல் வரவில்லை. இப்போது என் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி மட்டும்தான் போட்டிருக்கிறேன். கூட வருகிறவர்களைச் சுவரோரம் உட்காரச் சொல்கிறேன், 16 வயதுக்கு மேலே யார் வந்தாலும் 5 நிமிடமாவது தனியாகப் பேசுகிறேன். இந்த 6 வாரத்தில் இன்னும் 3 பேர் அவனைப் போலவே மனசில் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, தம்பி எப்படி இருக்கிறான்?

மேல்புறம் அக்கா | அன்று இரவு

அவ்வளவு வேகமா இல்ல டாக்டர். தைராய்டு நார்மல். முதல் மருந்து 5 வாரம் பாத்தாங்க, அவ்வளவா கேக்கல்ல, போன வாரம் அளவு கூட்டியிருக்காங்க. குளிக்கிறான். நடக்கப் போறது வாரத்துல மூணு நாலு நாள்தான். அப்பா இப்ப ஏசுறதில்ல, அவன்கிட்ட எப்பிடிப் பேசணும்னு தெரியாம சும்மா சுத்திச் சுத்தி வாறாரு. நேத்து சாயந்தரம் ரெண்டு பேரும் சேந்து ஜங்ஷன் வரை போய்ட்டு வந்தாவ.

இன்னைக்கு ஒரு அரியருக்கு மட்டும் பீஸ் கட்டலாமான்னு அவனா கேட்டான். கடைசித் தேதி 14. காலையில போய்க் கட்டுதோம்.